சோப்புக்காரரின் நிரந்தரம்

ஆய்வகத்தில் அவரைச் சோப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அவரோ யாருக்கும் சோப்புப் போடத் தெரியாதவர். பதினேழு வருடமாகத் தற்காலிகப் பணியாளராகவே இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அவர் மனைவியின் கட்சி.

அவர் சோப்புப் போட்டது குழாய்களுக்கு. இரண்டாள் உயரச் சட்டத்தில் எஃகுக் குழாய்கள் வளைந்து வளைந்து போகும். உள்ளே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும், வெளிக்காற்றைப் போல் இருபது மடங்கு அழுத்தத்தில். மோனாக்சைடு ஆளைக் கொல்லும். வாசனை கிடையாது. சுவரில் அபாய மணி உண்டு, ஆனால் அது சாவகாசமாகத்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே காலையும் மாலையும் ஒரு கிண்ணம் சோப்பு நீரும் பெயின்ட் அடிக்கும் தூரிகையுமாக அவர் நாற்பத்திரண்டு இணைப்புகளுக்கும் நுரை பூசிக்கொண்டே போவார். குமிழ் வந்தால் கசிவு. வராவிட்டால் அடுத்த இணைப்பு. வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் இதே மரியாதைதான்.

குழாய்களுக்கு நடுவே, உலைக்குள், ஒரு குழலில் ஒரு கரண்டி கறுப்புப் பொடி. டைட்டேனியம் கார்பைடு. அடுக்கடுக்கான ஒரு பொருளின் இடையிலிருக்கும் அலுமினியத்தை மட்டும் அமிலத்தில் கரைத்தெடுத்தால் மிஞ்சுவது தாள்கள். ஒவ்வொன்றும் சில அணுக்கள் கனம். அவற்றின் மேல் கோபால்ட் துகள்களை உட்கார்த்தி, சூடாக்கி, அந்த இரண்டு வாயுக்களையும் அனுப்பினால் மறுபக்கம் டீசல் போன்ற எண்ணெய் வரும். வரும் என்று ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு நாளாக நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. நான்கு நிமிடத்துக்கு ஒரு சொட்டு.

வீட்டில் இதை அவர் விளக்கியபோது கார்பைடு என்ற சொல் மட்டும் தங்கியது. மனைவியின் தம்பி பழக்கடை வைத்திருந்தான்.

"மாமா, ஒரே ஒரு பொட்டலம் கொடுங்க. ரெண்டு நாள்ல எல்லாம் பழுத்துடும்."

"அது வேற கார்பைடுடா. அது கல்லு. இது தாளு."

"தாளா இருந்தா இன்னும் வசதி. பழத்தைச் சுத்தி வச்சிடலாம்."

ஐம்பது வயது முடிந்துவிட்டால் யாரையும் நிரந்தரமாக்க விதியில்லை. அவருக்கு ஐம்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. அந்த வாரம் மதிப்பீட்டுக் குழு வந்தது. அதன் தலைவர் ஒரு வரி எழுதினால் போதும்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அந்தத் தலைவருக்குச் சோப்பு போடுங்க. குழாய்க்கு நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றாள் மனைவி.

"எனக்கு வராதும்மா."

"குழாய்க்கு மட்டும் வருதா?"

"அது மூஞ்சியைப் பார்க்காது."

இருந்தும், பேருந்தில் போகும்போது ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டார். ஐயா, உங்க கால் பட்டது எங்க பாக்கியம்.

தலைவர் கனத்த உடம்புக்காரர். பேராசிரியை சிறிய கண்ணாடி ஜன்னலைக் காட்டி, "அடுத்த சொட்டு இப்ப விழும் சார்" என்றார். தலைவர் குனிந்தார். குனிந்தவர் வாயு உள்ளே போகும் குழாயின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். குழாய் ஒரு மயிரிழை வளைந்ததை அந்த அறையில் ஒருவர்தான் பார்த்தார். தூரிகையோடு ஓடி வந்தார்.

"ஐயா, உங்க கை பட்டது..."

"என்னய்யா?"

"கொஞ்சம் எடுங்கய்யா."

"எதை?"

"கையை."

கை எடுபடுவதற்குள் நுரை பூசியாயிற்று. கடுகளவில் ஒரு குமிழ் வந்தது. பட்டாணியாயிற்று. திராட்சையாயிற்று. மிச்ச நுரை தலைவரின் சட்டைக் கையில் இறங்கி, கால்சட்டையில் வழிந்து, செருப்பில் போய்ச் சேர்ந்தது.

"மேடம், மூடறேன்."

"ஒரே ஒரு நிமிஷம் பொறுங்க. சொட்டு விழட்டும்."

"சொட்டு விழறதுக்குள்ள நாம விழுந்துருவோம் மேடம்."

பெரிய வால்வை மூடிவிட்டு எல்லோரையும் வெளித் தாழ்வாரத்துக்குத் துரத்தினார். அழுத்தமானியின் முள் சரிந்தது. எட்டு நாள் ஓட்டம் நின்றது. பேராசிரியை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "போட்டீங்களா?"

"போட்டேன். முழங்கையிலேர்ந்து செருப்பு வரைக்கும்."

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. தலைவர் ஒரு வரியல்ல, நான்கு வரி எழுதியிருந்தார். குழு நின்றிருந்த வேளையிலும் சோப்பும் தூரிகையுமாகத் தன் வேலையை நிறுத்தாமல், பார்வையாளரின் காலணி உட்பட அனைத்தையும் சுத்தம் செய்துகொண்டிருந்த அந்த மனிதரை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன். அலுவலகம் அப்படியே செய்திருந்தது. துப்புரவுப் பிரிவு, நிரந்தரம்.

பேராசிரியைக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"திருத்தச் சொல்லி எழுதட்டுமா? கோப்பு போய்வர ஆறு மாசமாகும்."

"அதுக்குள்ள எனக்கு அம்பது தாண்டிடுமே மேடம்."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"பெருக்கிடலாம்."

மனைவி நிரந்தரம் என்ற சொல் வரை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தாள். எந்தப் பிரிவு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பேராசிரியை அவரைத் துப்புரவுப் பிரிவிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டார். புதுப் பொடி, புது ஓட்டம், அதே நாற்பத்திரண்டு இணைப்புகள். முதல் நாளே கீழ்த்தளத்திலிருந்து துப்புரவு மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"அண்ணே, இன்னிக்கு எத்தனை அறை முடிச்சீங்க?"

"அறை இல்ல தம்பி, குழாய். முப்பது அடி இருக்கும்."

"இங்க அடியெல்லாம் செல்லாதுண்ணே. அறைதான்."

"யாரை?"

"விளையாடாதீங்கண்ணே. பதிவேட்டுல ஏதாவது போட்டாகணும்."

"சரி, ஒண்ணுன்னு போடு."

போனை வைத்தார். பொய் எழுத வைத்து அவருக்குப் பழக்கமில்லை. துடைப்பம் எங்கே இருக்கிறது என்று பேராசிரியையிடம் கேட்டார். ஓடும் உலையைச் சுற்றி, குழாய்களில் இடிக்காமல், அறையை மூலைமுடுக்கு விடாமல் பெருக்கினார்.