ரொசெந்தா மாதாவைத் தூக்கிக்கொண்டு நடந்த வாரம்

ரொசெந்தாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எழுந்து போய்ப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெல்லிக் கோப்பைகளை அடுக்கி விற்கிறாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் அவளுடைய பைதான் உட்கார்ந்திருக்கும்.

அவள் கணவன் திரினிதாத் அவகாடோ பறிக்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான். அப்போது மகள் அராசெலிக்குப் பால்பற்கள்கூட விழவில்லை. அந்தக் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்திய ஞானத்தாய் நான். அன்றிலிருந்து நானும் ரொசெந்தாவும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கூடப் பிறந்தவளோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம், கொமாத்ரேயோடு முடியாது. எனக்கு வாய்த்தவள் இவள். என்ன செய்ய.

எங்கள் லாஸ் க்ரூசெஸ் குடியிருப்பில் ஒவ்வொரு அக்டோபரும் மிஷன் வாரம் உண்டு. பங்குக் கோயிலிலிருந்து இரண்டிரண்டு பேராகப் புறப்பட்டு, மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒவ்வொரு வீட்டிலும் ஜெபமாலையில் ஒரு பத்து மணிக்கு ஜெபம், கொஞ்சம் பேச்சு, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுவது. சாயங்காலம் கடைசி வீட்டில் மாதா தங்குவார், காலையில் போய் அழைத்துக்கொள்வோம். மற்ற ஜோடிகள் சுரூபத்தை மாற்றி மாற்றித் தூக்குவார்கள். ரொசெந்தா மட்டும் எனக்குத் தரமாட்டாள்.

"உனக்கு முட்டி வலி. நீ ஜெபமாலையத் தூக்கு, போதும்" என்பாள். முட்டி வலி அவளுக்கும்தான் இருக்கிறது. மாதா தன் கையில் இருந்தால்தான் தெரு தனக்குக் கட்டுப்படும் என்று நினைக்கிறாள்.

இந்த வருஷம் பங்குச் சாமியார் புதியவர், இளைஞர். அவர் ஒரு விதி போட்டார். "எந்த வீட்டையும் விடக்கூடாது. அல்லேலூயாக்காரங்க வீடா இருந்தாலும் கதவத் தட்டி, நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வாங்க. கேக்கறதுல என்ன போச்சு?" பிறகு தெருப்பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார். ரொசெந்தா எடுத்தாள். பைன் மரத் தெரு வந்தது.

அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். பைன் மரத் தெருவில்தான் அராசெலி இருக்கிறாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அராசெலி கட்டிக்கொண்ட எலிசேயோ பஞ்சர் ஒட்டுகிறவன். அதிர்ந்து பேசாதவன். ஆனால் அல்லேலூயாக்காரன். கல்யாணமான வருஷமே அவளும் அந்தச் சபைக்குப் போய்விட்டாள். ரொசெந்தா அழுதாள், திட்டினாள், ஒன்பது நாள் ஜெபம் செய்தாள். அதற்கு அப்புறம், 'இது கத்தோலிக்க வீடு, வேறு சபைப் பிரசாரத்துக்கு இங்கே இடமில்லை' என்று அச்சடித்த ஸ்டிக்கரை வாங்கித் தன் கதவில் ஒட்டினாள். எங்கள் தெருவில் பாதிக் கதவில் அது உண்டு. ஒட்டினால் ஒட்டியதோடு விட்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அராசெலியும் எலிசேயோவும் கையில் பைபிளோடு தெருவில் வீடு வீடாக வந்தார்கள். அவர்களுக்கும் மிஷன் உண்டே. அம்மா வீட்டை மட்டும் தாண்டிப் போக அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. வந்து தட்டினாள். நான் உள்ளே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். ரொசெந்தா கதவைத் திறந்தாள், பெற்ற மகளைப் பார்த்தாள், ஸ்டிக்கரை விரலால் தட்டினாள்.

"படிக்கத் தெரியும்ல? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித்தான வளத்தேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மூன்று வருஷம் ஆயிற்று. அம்மாவும் மகளும் பேசுவதில்லை. சந்தையில் பார்த்தால் ஒருத்தி தக்காளிப் பக்கமும் ஒருத்தி மிளகாய்ப் பக்கமும் போவார்கள். நாலு மாதத்துக்கு முன்னால் அராசெலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானத்தாய் என்ற உரிமையில் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரொசெந்தா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன், பெயர் அபிகாயில் என்று.

"அப்படி ஒரு புனிதை காலண்டர்ல கிடையாது" என்றாள். அவ்வளவுதான் பாட்டியின் ஆசீர்வாதம்.

அதனால் சீட்டு எடுத்த அன்றைக்கே சொல்லிப் பார்த்தேன். "கொமாத்ரே, தெருவ யார்கூடயாவது மாத்திக்கலாம். நான் சாமியார்கிட்ட பேசறேன்."

"எதுக்கு மாத்தணும்? நான் என்ன திருடிட்டா ஓடறேன்?"

"அங்க அவ வீடு இருக்கு."

"தெருவுல நாப்பது வீடு இருக்கு. அதுல ஒண்ணு" என்றாள். சொல்லும்போதே சுரூபத்தின் முக்காட்டை நாலு தரம் சரிசெய்தாள்.

திங்கட்கிழமை தெருவின் மேல்முனையிலிருந்து தொடங்கினோம். அராசெலி வீடு கீழ்முனையை ஒட்டி. முதல் வீட்டில் ஜெபம் ஆரம்பித்தாள், சந்தோஷ தேவரகசியம் சொல்ல வேண்டிய நாளில் துக்க தேவரகசியம் சொன்னாள். முழங்கையால் இடித்தேன். "எல்லாம் ஒரே மாதாதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாவது வீட்டில் அருள் நிறைந்த மரியே எத்தனையாவது என்று மறந்துபோய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டுக் கிழவர் தூங்கியே போனார்.

ஒரு வீட்டில் அவசரம், அடுத்த வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிறாள். கூரை ஒழுகுவதாகச் சொன்ன வீட்டில் ஏணி கேட்டு ஏறிப் பார்க்கப் போனாள். நாய் கடிக்கும் என்று எழுதிய வாசலில் நாயோடு சண்டை போட்டாள். புதன்கிழமை ஒரு வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தது. தாய்க்காரி, "கொஞ்சம் பிடிங்க தோன்யா ரொசெந்தா, அடுப்ப அணைச்சிட்டு வரேன்" என்று, பெரியவளுக்கு உரிய 'தோன்யா' போட்டு நீட்டினாள்.

"எங்கிட்ட மாதா இருக்காங்க. கை காலி இல்ல" என்று இவள் பின்னால் நகர்ந்தாள். குழந்தையை நான்தான் வாங்கினேன். வெளியே வந்ததும் கேட்டேன், "நாலு மாசம் இருக்குமா அந்தக் குழந்தைக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"உன் பேத்தி இதவிடக் கொழுகொழுன்னு இருக்கா."

"கூக்கா, வாய மூடிட்டு நட." அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனசில் அடிபட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை எல்லாம் இப்படியே. தெரு கீழே இறங்க இறங்க அவள் நடை கோணலாகிக்கொண்டே போயிற்று. எதிர்வரிசை வீடுகளை முதலில் முடிக்கலாம் என்பாள். பாதியில் இந்த வரிசைக்குத் தாவுவாள். எந்த வீட்டை முடித்தோம், எதை விட்டோம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோன்யா பெர்த்தா வீட்டில் மாதாவை விட்டுவிட்டு வரும்போது நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அவ கதவச் சாத்திட்டா என்ன பண்றது?" என்றாள்.

"நீ சாத்தினியே, அவ என்ன பண்ணினா? திரும்பிப் போனா."

"நான் திரும்பிப் போனா செத்துருவேன் கொமாத்ரே."

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் ஒரு நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. இத்தனை நாளாகக் கை காலி இல்லை, காலி இல்லை என்று சொன்னவளின் இரண்டு கையும் அப்போது வெறுமனே தொங்கின. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானைபோலப் போர்த்தியிருந்த சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இரண்டே வீடுகள் பாக்கி. அராசெலி வீடு, அதற்கு அப்பால் முனையில் தோன்யா சாயோ வீடு. சாயோ வீட்டில்தான் வாரத்தின் முடிவு ஜெபம். தெருவே அங்கே கூடும். இலையில் பொதிந்து அவித்த மக்காச்சோளக் கொருந்தாவின் வாசனை காலையிலேயே தெருவில் அடித்தது. ரொசெந்தா சொன்னாள், "சாயோ வீட்டுக்கு முதல்ல போயிரலாமா? ஆறிப்போயிரும்."

"ஆறினா சூடு பண்ணிக்குவா. தட்டு."

தட்டினாள். இரும்புக் கதவு. அராசெலி இடுப்பில் குழந்தையோடு திறந்தாள். ரொசெந்தா மாதாவை மார்போடு இறுக்கிக்கொண்டு, இதுவரை எல்லா வீட்டிலும் ஒப்பித்ததையே ஒப்பித்தாள்.

"வணக்கம். நாங்க பங்குக் கோயில்லேருந்து வரோம். மாதா உங்க குடும்பத்தப் பாக்க..."

"யாருன்னு தெரியும்மா" என்றாள் அராசெலி.

குழந்தை ரொசெந்தாவைப் பார்த்தது, மாதாவைப் பார்த்தது, மறுபடி இவளைப் பார்த்தது. திரினிதாத்தின் அதே தடித்த புருவம்.

"நீ உள்ள வா. சுரூபம் வேண்டாம்" என்றாள் மகள்.

"இவங்கள வாசல்ல விட்டுட்டு நான் எப்படி வருவேன்?"

"அன்னிக்கு நான் பைபிள வாசல்ல வச்சிருந்தா என்னய உள்ள விட்டிருப்பியா?"

ரொசெந்தா யோசித்தாள். பொய் சொல்ல வராதவள் அவள். அதனாலேயே இவ்வளவு பாடுபட்டாள்.

"விட்டிருப்பேன்" என்றாள்.

"அப்ப நீயும் வச்சிட்டு வா."

ரொசெந்தா மாதாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ முணுமுணுத்தாள், மன்னிப்பா, கோபமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சட்டென்று திரும்பிச் சுரூபத்தை என் கையில் திணித்தாள்.

"பிடி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மாதா அவ்வளவு கனம் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. கெட்டி மரம். இதைத் தூக்கிக்கொண்டா இந்தப் பைத்தியக்காரி வாரம் முழுக்க ஓடினாள்? கதவு சாத்தியிருந்தது, ஆனால் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்கவில்லை. முதலில் பேச்சுக்குரல் உயர்ந்தது, பிறகு அழுகை, யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் முட்டி கெஞ்சியது. மாதாவைத் தரையில் வைக்கக்கூடாது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. வீட்டு வாசலில் தாழ்வாரம் கிடையாது. என் சால்வையை எடுத்து மாதாவுக்குப் போர்த்தினேன், என் தலை நனைந்தது. பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து எலிசேயோ எட்டிப் பார்த்தான். உள்ளே போனான். ஒரு பெரிய கறுப்புக் குடையோடு ஓடி வந்து என் தலைக்குமேல் பிடித்தான்.

"கடைக்குள்ள வாங்களேன் தோன்யா கூக்கா."

"இவங்களோடயா?"

அவன் டயர்க் கரி படிந்த கையால் குடையைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றான். எதிர்ச்சாரியில் சோள ரொட்டிக்கடைக்காரி லூப்பே பார்த்துவிட்டாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"ஏ எலிசேயோ! மாதாவுக்குக் குடை பிடிக்க எப்ப சேந்த?"

அவன் காது சிவந்தது. "தோன்யா கூக்காவுக்குப் பிடிக்கறேன்."

"அப்படியா? குடை அந்தப் பக்கமால்ல சாயுது!"

உண்மைதான், சாய்ந்திருந்தது. என் இடதுதோள் தொப்பலாக நனைந்திருந்தது, மாதாவின் முக்காட்டில் ஒரு சொட்டு இல்லை. அவன் குடையை நிமிர்த்தினான். கொஞ்ச நேரத்தில் அது பழையபடி சாய்ந்துவிட்டது.

கதவுப் பக்கமாகத் திரும்பிக் கத்தினேன். "கொமாத்ரே! சாயோ வீட்டுல எல்லாரும் காத்திருக்காங்க. நேரமாச்சு!"

உள்ளேயிருந்து ரொசெந்தாவின் குரல் வந்தது. அவளால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. "கத்தாதடி. குழந்த என் மேல தூங்குது. நீ கொண்டு போ."

"நானா?"

"நீதான். நான் உக்காந்திருக்கேன்ல?"

எலிசேயோ என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் குடையோடு ஒரு அடி எடுத்து வைத்தான். நானும் வைத்தேன். தெருவில் தண்ணீர் ஆறாக ஓடியது. மாதா, நான், அல்லேலூயாக்காரன், மூன்று பேரும் ஒரு குடைக்கடியில் முனைவரைக்கும் நடந்தோம். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அவன் நிமிரவும் இல்லை, குனியவும் இல்லை. சாயோ வீட்டு வாசலை அடைந்ததும் நான் உள்ளே ஏறும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயோ கையில் கரண்டியோடு வந்தாள். என் கையில் மாதாவைக் கண்டாள், பின்னால் எலிசேயோவைக் கண்டாள். அவள் பின்னால் முற்றம் நிறையத் தெருவே உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மூன்று வருஷமாக ஒருத்தரும் வாய்விட்டுப் பேசாதது.

"ரொசெந்தா எங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"மக வீட்டுல இருக்கா."