ஜன்னலுக்கு முன்னாடி, ஜன்னலுக்கு அப்புறம்

அன்று காஜா அக்காவுக்கு ஊசி ஓடவில்லை. சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையில் பதினெட்டு வருஷம். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். ஆனால் அவள் தோளுக்குப் பின்னாலிருந்த ஜன்னலை ஆபீஸ் கிளார்க் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். தையற்கூடத்துக்கு இருபத்தைந்து வயதாகிறது. முக்கியமான நாட்களை எழுதிப் பெரிய பலகை மாட்டப்போகிறார்கள். அதுவும் ஜன்னலை மறைத்து.

அந்த ஜன்னல் லேசில் கிடைத்ததல்ல. துணியில் தூசி படியும் என்று ஆணியடித்து மூடியிருந்தார்கள். கோடையில் ஆளே வெந்துபோகும். ஒருநாள் மேஸ்திரி, மேசைமேல் சிதறிக்கிடந்த ஆணிகளைக் காட்டி, "அந்த ஆணியெல்லாம் எடுத்துடும்மா" என்று காஜா அக்காவிடம் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது மேசை ஆணிகள் அப்படியே கிடந்தன. ஜன்னல் ஆணி பதினாலும் பிடுங்கப்பட்டு, காற்று கூடம் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் நாற்பது சட்டை கூடுதலாக முடிந்ததால் யாரும் திரும்ப ஆணியடிக்கவில்லை. தூசிக்கு ஒரு திரை மட்டும் போட்டார்கள். 'ஜன்னல் ஆணி' என்று காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று காஜா அக்கா இன்றுவரை சாதிக்கிறாள்.

கிளார்க் நோட்டைத் திறந்தார். "புது மெஷின் வந்தது எப்போ?"

"ஜன்னலுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி," என்றார் கட்டிங் மாஸ்டர்.

"அமைச்சர் வந்தது?"

"எந்த அமைச்சர்?"

"அட, திரை பறந்து தலையில முக்காடு போட்டுச்சே, அவருதான்!" என்றாள் இஸ்திரிக்காரி. "அப்போ ஜன்னலுக்கு அப்புறம்."

கூடமே சிரித்தது. கிளார்க்குக்குத் தலை சுற்றியது. "என்னய்யா இது, எதைக் கேட்டாலும் ஜன்னல், ஜன்னல்னு!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "இவங்களைக் கேட்டா விடியாது. நான் சொல்றேன், எழுதிக்க. எங்கப்பா பொறுப்பை என் கையில குடுத்தது, ஜன்னலுக்கு அடுத்த மாசம்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இஸ்திரிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

காஜா அக்கா ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவள் பேசியதே இல்லை.

"ஐயா, அதை மூடிட்டா, அப்புறம் எதை வெச்சு வருஷம் சொல்றது?"

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். திரை உப்பி அவர் சட்டையைத் தொட்டுவிட்டுப் போனது. "பலகையை எதிர்ச் சுவத்துல மாட்டு," என்று கிளார்க்கிடம் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார். "ஏம்மா, அன்னிக்கு உனக்கு நிஜமாவே காது கேக்கலியா?"

"என்னங்கய்யா கேட்டீங்க? காதுல விழல."

இப்போது எதிர்ச் சுவரில் தங்க எழுத்தில் ஏழு தேதிகள் மின்னுகின்றன. ஜன்னல் அதில் இல்லை. பலகை எப்போது வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் மட்டும் கிளார்க் யோசிக்காமல் சொல்கிறார்: "ஜன்னலுக்குப் பதினோரு வருஷம் கழிச்சு."