ஒட்டும், மதினி

எருக்கிலை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். இலையில் பதியாமல் உருண்டையாக, இப்போதோ அப்போதோ என்று நிற்கும். குச்சி நுனியால் ஒரு துளி திரவத்தைத் தொட்டு அதில் வைத்தால் போதும், உருண்டை அப்படியே உட்கார்ந்து இலை முழுக்கப் பரவிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தபோது, இந்த வித்தையைத் தினமும் பத்துத் தடவையாவது காட்டியிருப்பேன். நான் வேதியியல் படித்தவன் என்பதற்கு அந்தக் கடையில் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பிளக்காதவள் என் மதினி ஒருத்திதான்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் திருப்பூரில் சாயப்பட்டறை வேலைக்குப் போய்விட்டதால், எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் எங்களுக்கிருந்த நாலு ஏக்கர் கரிசல் காட்டை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷம் நாலு ஏக்கரிலும் பருத்தி. முந்தின இரண்டு வெள்ளாமையும் ஏமாற்றியிருந்ததால், இந்தத் தடவையும் கைவிட்டால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று அண்ணன் முடிவாகச் சொல்லியிருந்தான். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வதை நினைத்தாலே மதினிக்கு மூச்சு முட்டும். காட்டுக்குள் நடக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சே வரும். அந்தப் பருத்தி தேறுவது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

மருந்து வாங்க வந்தவளிடம் இலை வித்தையைக் காட்டி, கூடவே அந்தத் திரவத்தில் ஒரு புட்டியையும் கொடுத்தேன். அவள் எதையும் முழுசாகப் படிக்காமல் வாங்க மாட்டாள். 'அயனியற்ற ஒட்டும் திரவம்' என்று இருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அயனி இல்லாததுன்னு போட்டிருக்கே, கொழுந்தனாரே. அயனி இருக்கிற நல்ல சரக்க யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சளைக்காமல் விளக்கினேன். சோப்பு தண்ணீரில் கரைந்ததும் மின்னேற்றமுள்ள துண்டுகளாக, அதாவது அயனிகளாகப் பிரிந்துவிடும். எங்கள் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர் பட்டால் அது திரிந்து போகும். இந்தத் திரவம் அப்படிப் பிரியாது. அதனால் உப்புத் தண்ணீரோடும் அதற்குச் சண்டையில்லை, கூடக் கலக்கும் மருந்தோடும் பெரும்பாலும் சண்டையில்லை. இது மதினிக்குச் சட்டென்று பிடிபட்டது. முந்தின வருஷம் பார் சோப்பைச் சீவி மருந்தில் போட்டு, அது திரிதிரியாகித் தெளிப்பான் மூக்கை அடைத்து, ஒரு பகல் முழுக்க ஊசியால் குத்திக்கொண்டிருந்தவள் அவள். நுரை வரவில்லையே என்று அடுத்த சந்தேகம். நுரைக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றேன். ஷாம்பூவில் கொஞ்சம், தரை துடைக்கும் திரவத்தில் கொஞ்சம், அண்ணனுடைய பட்டறையில் துணி சீக்கிரம் நனைய ஊற்றுவதிலும் இதே வகையறாதான் என்று அடுக்கினேன். அவள் மறுபடி எருக்கிலையைப் பார்த்தாள்.

"எல்லாஞ் சரி. இது ஒட்டலயே, படருதுல்லா? படருததுக்கு எதுக்கு ஒட்டுன்னு பேரு வச்சாங்க?"

"ஏ, மதினியாருக்கு வக்கீல் வேலையில்லா கொடுக்கணும்" என்றார் முதலாளி அண்ணாச்சி. மதினி சொன்னதுதான் சரி. அந்தத் திரவம் மருந்தை இலையில் பரப்பும், அவ்வளவுதான். பசை போலப் பிடித்துவைக்காது. காய்வதற்குள் மழை வந்தால், மருந்து இன்னும் சுளுவாகக் கழுவிக்கொண்டு போகவும் அதுவே வழி செய்யும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் என்னை மடக்கிவிட்டாளே என்று கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. சிரித்து மழுப்பிப் புட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரம், ஊரிலிருந்து போன் பண்ணினாள்.

"காயெல்லாம் புழு துளைக்கி, கொழுந்தனாரே. மருந்தடிக்க ஆளு வந்து நிக்காவ. கெழக்க கறுத்துக் கெடக்கு. இப்ப அடிச்சா மழைக்கு ஒட்டுமா?"

"ஒட்டும், மதினி. பேருலயே இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இருபது வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன். அவசரமா? பக்கத்தில் அண்ணாச்சி நின்றதாலா? அன்றைக்குக் கேலி செய்ததற்கு ஒரு பதிலடியா? ஒவ்வொரு சமயம் ஒவ்வொன்று சரியாகப் படுகிறது. அவள் நாலு ஏக்கருக்கும் அடித்து முடித்த அரைமணி நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. அந்தப் பருத்தி தேறவில்லை. சரி, என்னால்தான் போயிற்று என்று மனதை ஒரு பக்கம் சாய்க்கலாம் என்றால், அதற்கும் வழியில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் மூன்று நாள் முன்பே நல்ல வெயிலில் அடித்திருந்தார். அவர் பருத்தியிலும் பாதியைப் புழு தின்றிருந்தது. அந்த வருஷங்களில் புழு எந்த மருந்துக்கும் அசையவில்லை. மழை வந்திருக்காவிட்டால் மதினியின் பருத்தி பிழைத்திருக்குமா? யாரைக் கேட்பது?

மதினி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தை பிறந்ததும் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் பார்க்கப் போனேன். வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தவள், பசை அப்பிய விரலைத் தூக்கிக் காட்டி, "இங்கன ஒட்டுனா ஒட்டிக்கிடுது, கொழுந்தனாரே" என்றாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அது குத்தலா, வெறும் விளையாட்டா என்று அப்போதும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

போன வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினிக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவள், ஏதோ ஊர்ச் சேதி விசாரிப்பதைப் போலக் கேட்டாள்.

"அன்னிக்குப் போன்ல ஒட்டும்னு சொன்னீங்கல்லா. ஒட்டாதுன்னு உங்களுக்கு அப்பத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று வாய் வரைக்கும் வந்தது. "தெரியாது, மதினி" என்றேன்.

"அதானே" என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாமலா இருப்பீங்க? நாந்தான் கிறுக்கச்சி, இத்தன வருசமா மனசுல போட்டு ஒழப்பிக்கிட்டு."

அன்றைக்குப் போனில் நான் சொன்னதையும் அவள் இப்படித்தான் நம்பினாள்.