கம்ப்ரசருக்குக் கட்டிய உருமால்

புது ரிக் வண்டி வந்ததிலிருந்து திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு நாடுகள் மோதிக்கொண்டன. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிக்குச் சீனக் கம்ப்ரசர்தான் வேண்டுமென்று நின்றவர் என் வீட்டுக்காரர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயலியும் அவர் போனில் சீனாவுடையதுதான். என் தம்பிக்கோ எல்லாமே அமெரிக்கா.

"கைவேலை அவங்க செய்வாங்க மாமா, மூளை அமெரிக்காவுதுதானுங்க" என்பான்.

"அந்த மூளையையும் இப்ப ஓசியிலயே குடுக்கறாங்க மாப்ள. உன்ற ஆளுங்க தூக்கங்கெட்டுக் கெடக்கறாங்களாமா" என்பார் இவர்.

நான் இரண்டு பக்கமும் ஏற்றிவிடுவேன். இந்தச் சண்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சண்டை இருந்தாலும் புது வண்டிக்குப் போட்ட பூஜையில் குறை வைக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்குத் தலையில் கட்டுவோமே, அந்த ஜரிகை உருமாலைத் தம்பியே புதுக் கம்ப்ரசருக்குக் கட்டினான். முகப்பு முழுக்கத் துணிதான்.

முதல் குழி கெங்கவல்லியில், ஒரு அம்மாவின் தென்னந்தோப்பில். ஆசையாக நானும் கூடப் போனேன். பாறைக்குள் பாதி இறங்கியபோது கம்ப்ரசர் நின்றுவிட்டது. திரையில் வரிவரியாகச் சீன எழுத்து. கம்ப்ரசர் அனுப்பும் காற்று நின்றால் உடைந்த கல் மேலே வராது. அப்படியே படிந்து, கீழே பாறையை உடைக்கும் சுத்தியலையும் அதைத் தாங்கும் ராடுகளையும் இறுக்கிவிடும். பிறகு அவற்றை மறந்துவிட வேண்டியதுதான், கிணற்றையும் சேர்த்து.

"எங்க கெணறு அவ்ளோதானாம்மா?" என்றார் தோப்புக்கார அம்மா.

இவரும் தம்பியும் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்கள். சீனா முந்திக்கொண்டது: சூடு ஏறிவிட்டது, காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. இவர் மீசையைத் தடவி முடிப்பதற்குள் அமெரிக்காவும் அதையே சொன்னது. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம். பளிச்சென்று இருந்தது.

"உன்றது பாத்து எழுதுது மாப்ள!"

"உங்களுதுதான் காப்பி அடிக்குதுங்க மாமா!"

குழிக்குள் கல் படிந்துகொண்டிருக்க, இவர்களுக்கு இது! "ரெண்டு பேரும் வாய மூடுங்க! எட்ட நின்னு முழுசா ஒரு போட்டோ எடுத்துக் கேளுங்க" என்று கத்தினேன்.

எடுத்தார்கள். தம்பியின் முகம் வெளுத்தது. முன்னால் கட்டியிருக்கும் துணி இயந்திரத்தின் பாகமா என்று கேட்டிருந்தது அவனுடைய செல்ல அமெரிக்கா. சீனா சுற்றி வளைக்கவில்லை. துணியை அவிழ்க்கவும் என்றது.

தம்பி பாய்ந்து உருமாலைப் பிய்த்தான். சூடு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு கம்ப்ரசர் உறுமியது. சுத்தியல் முதலில் அசையவே இல்லை. ஒரு குலுக்குக் குலுக்கியதும் விடுபட்டு மேலே வந்தது. சந்தோஷம் தாங்காமல் ஓவென்று கத்திவிட்டேன். மறுபடி இறக்கினார்கள். சாயங்காலம் தண்ணீர் பீறிட்டபோது எல்லோரும் தொப்பலாக நனைந்தோம்.

இவர் உருமாலை உதறி எடுத்து, சேறு சொட்டும் தம்பியின் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"இனி இங்கயே இருக்கட்டும் மாப்ள. இந்தத் தலைக்குள்ள காத்து போகோணும்னு ஒண்ணுமில்ல."