பூட்டு அக்காவின் மூன்றாவது வாக்குறுதி

எங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஊர் வைத்த பேர் பூட்டு அக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு நாள் என் அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு, "பூட்டுன்னா என்ன தம்பி, கெட்ட வார்த்தையா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெஷினுக்கு எண்ணெய் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பேர் வந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. அக்கா வங்கியில் இருபத்தாறு வருஷம் லாக்கர் பிரிவில் வேலை பார்த்தவர். லாக்கருக்கு இரண்டு சாவி. வங்கிக்காரர் ஒன்றைப் போட்டுத் திருப்பிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மற்றதை வாடிக்கையாளர் போட்டுத் திறப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், அத்தனை வருஷமும் அடுத்தவர் பெட்டியைப் பாதி திறந்துவிட்டு வெளியே வந்து நின்றவர் அவர். இரண்டாவது காரணம், எங்கள் தெருவில் மூடி இல்லாத மின்பெட்டியில் கை வைத்துத் தபால்காரர் ஒருவருக்குக் கை கருகிப்போனது. ஓய்வு பெற்ற கையோடு அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். நகர மன்றத்துக்கு நடையாய் நடந்தார். யாரும் மசியவில்லை. அடுத்த தேர்தலில் தானே நின்று ஜெயித்து, வார்டில் இருந்த அத்தனை மின்பெட்டிக்கும் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தார். என் கடை வாசலில் இருந்த பெட்டியும் அதில் ஒன்று. அதனால் அவரைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நான் பேசலாம், அது வேறு.

நான் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. இவ்வளவு கறாரான மனுஷி உலகத்தில் கிடையாது. நோட்டீஸ் அடிக்க வந்தால் தாளின் இரண்டு பக்கமும் நிரப்பச் சொல்வார். ஓரத்தில் வெட்டி எறிகிற துண்டுக் காகிதத்தைக்கூட, "வீணாத்தானே போகுது, குடுங்க" என்று வாங்கிப்போய்க் குறிப்பெழுத வைத்துக்கொள்வார். நகர மன்றத்திலும் இதே கதைதான். பஸ் ஸ்டாப்பில் இருந்த பெஞ்சுகள் வருஷத்துக்கு இரண்டு தரம் உடைந்தன. குடித்துவிட்டு வருகிறவர்கள் அதில் படுத்துக்கொண்டார்கள். பழுதுச் செலவும் மிச்சம், பாதுகாப்பும் ஆச்சு என்று ஒரே வாரத்தில் அத்தனையையும் எடுக்க வைத்துவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். அப்புறம் நின்றுகொண்டே பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

இந்தத் தடவை மூன்றாவது முறையாக நின்றார். எதிரே நின்றவர் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர், நாங்கள் ஜிம்காரர் என்போம். கை அகலம், வாய் அதைவிட அகலம். அக்கா நோட்டீஸுக்கு எழுதிக் கொண்டுவந்த தாளில் மூன்று எண் போட்டிருந்தது. ஒன்று, வரியை ஏற்ற மாட்டேன். இரண்டு, எல்லாத் தெருவிலும் விளக்கும் கேமராவும். மூன்றுக்கு நேரே எதுவும் இல்லை.

"மூணாவது எங்கக்கா?"

"யோசிக்கிறேன். இடம் மட்டும் விட்டு வைங்க."

இடத்தை வீணாக விடுகிற ஆளா அவர்? எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா நகர மன்றத்தின் நிதிக் குழுவில் ஓர் அறிக்கை எழுதினார். ஒவ்வொரு வார்டுக்கும் தனி ஆபீஸ், தனி போன், வாடகை, கரண்ட் எல்லாம் தேவையே இல்லை. நகரத்துக்கே ஒரு பொது நம்பர் போதும், புகாரை மெஷின் பதிவு செய்து அந்தந்த உறுப்பினருக்கு அனுப்பிவிடும் என்று. அது அப்போது கிடப்பில் போனது. இப்போது ஜிம்காரர் அதைத் தோண்டி எடுத்துவிட்டார். "சிக்கனம் சிக்கனம்னு பேசுறாங்களே, அவங்க எழுதினதை அவங்களே ஏன் செய்யல? முதல்ல அவங்க ஆபீஸை மூடச் சொல்லுங்க!" என்று தெருமுனையில் மைக் வைத்துக் கத்தினார். கேட்டவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அந்த அறிக்கையை எழுதியபோது அக்காவின் கணவர் உயிரோடு இருந்தார். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போன்ற மனிதர். அவர் கொஞ்சம் சத்தமாகப் பேசி நான் கேட்டது அக்கா வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருகிற அந்த ஆபீஸ் போனைத் திட்டும்போதுதான். "அந்தச் சனியனைக் கொஞ்சம் அணைச்சு வையேன்!" என்பார். அறிக்கை போன மறு வருஷம் அவரும் போய்விட்டார். அதற்கப்புறம் அக்கா அந்தப் போனைக் கையை விட்டு இறக்கவே இல்லை. சாக்கடை அடைப்பு, தெருநாய், எரியாத விளக்கு என்று எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுப்பார். தட்டில் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போவார். நான் ஒரு தரம், "கொஞ்சம் ஓய்வெடுங்கக்கா" என்றதற்கு, "போன் அடிச்சாத்தான் தம்பி வீட்டுல யாரோ இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். அதைச் சொல்லிவிட்டு உடனே காகித விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய சொந்தக் கைபேசி ஒன்று உண்டு. அதில் கூப்பிடுகிறவர் ஒரே ஆள்தான், தூர தேசத்தில் இருக்கும் மகள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. "இந்த வயசுல எலெக்ஷன் எதுக்கும்மா? இங்க வந்துடு" என்று மகள் சொன்னாளாம். "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று இவர் கேட்டாராம். "அங்க மட்டும் யாரைத் தெரியும்?" என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டாள். இதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டுக் கேட்கப் போக அவருக்குத் துணை இல்லை. தேநீர்கூட வாங்கித் தராத வேட்பாளருக்குப் பின்னால் எவன் வருவான்? நான்தான் ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது எண் அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் நோட்டீஸ் மட்டும் அப்படியே அடித்திருந்தேன்.

போனது எட்டு மாடிக் குடியிருப்பு. முதல் கதவில் மணி அடித்தோம். கண் உயரத்தில் ஒரு ஸ்டிக்கர். "தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உடனே அழையுங்கள்." கீழே அக்காவின் பெயரும் ஆபீஸ் நம்பரும். அடித்துக் கொடுத்தவன் நான்தான். வார்டு முழுக்க ஒரு கதவு விடாமல் ஒட்டியவர் அவர். கதவுத் துளையில் நிழலாடியது.

"யாரு?"

"உங்க கவுன்சிலர்ங்க. ஓட்டு கேட்டு வந்திருக்கேன்."

"கவுன்சிலர்னு சொல்லிட்டு யார் வேணாலும் வரலாமே."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "சரியாச் சொன்னீங்க! அப்படித்தான் இருக்கணும்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். நோட்டீஸைக் கதவுக்கு அடியில் தள்ளினோம். அடுத்த கதவும் அப்படித்தான். தெரிந்தவர்கள்கூட உள்ளே இருந்தபடியே, "உங்களுக்குத்தான்கா எங்க ஓட்டு, கவலையே படாதீங்க" என்றார்கள். குரலில் ஒரு குறையும் இல்லை. தாழ்ப்பாள்தான் அசையவில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்காவின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. ஆனால் ஐந்தாவது மாடிக்கு மட்டும் வேகமாக ஏறினார். "இங்க எனக்கு ஒரு சிநேகிதி இருக்காங்க" என்றார். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆபீஸ் போனில் கூப்பிடுகிற ஓர் அம்மா. குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்பது புகார். தண்ணீர் விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் முட்டிவலித் தைலம், தூக்கம் வராதது, மருமகள் என்று அரை மணி நேரம் ஓடும். நாலு வருஷப் பழக்கம். ஒரு தடவையும் நேரில் பார்த்ததில்லை. அக்கா அன்றைக்குத் துவைத்துத் தேய்த்த புடவை கட்டியிருந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மணி அடித்தார். தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

"யாரு?"

"நான்தாங்க. செவ்வாய்க்கிழமை பேசுவோமே."

செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது. பிறகு, "ஐயோ, நீங்களா! குரலைக் கேட்டதுமே தெரியுது" என்றது சந்தோஷமாக.

"ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வீட்டுல யாரும் இல்லக்கா. தனியா இருக்கும்போது திறக்கக் கூடாதுன்னு மகன் சொல்லியிருக்கான். ஸ்டிக்கர்லயும் போட்டிருக்கீங்களே. தப்பா நினைக்காதீங்க. செவ்வாய்க்கிழமை போன்ல பேசலாம், என்ன?"

"பேசலாம். பேசலாம்" என்றார் அக்கா.

அரை மாடி இறங்கியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். "நாப்பது கதவு தட்டியிருப்போமா தம்பி? ஒண்ணுகூடத் திறக்கல. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்." இதை அவர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே, படியில் உட்கார்ந்தபடி, என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். ஒரு நோட்டீஸை முழங்காலில் வைத்து மூன்றாவது எண்ணுக்கு நேரே எழுதினார். "வார்டு ஆபீஸும் ஆபீஸ் போனும் மூடப்படும். புகார்கள் பொது நம்பருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணாம்க்கா. அவன் கத்திட்டுப் போகட்டும். போனை மூடிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் எழுதின கணக்கு தம்பி. நேத்து முழுக்க அதைத் திரும்பப் பார்த்தேன். எங்கயாவது தப்பு இருக்கான்னு கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன்." பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "இல்ல. சரியாத்தான் இருக்கு."

"தோத்தாலும் போன் போயிடும், ஜெயிச்சாலும் போயிடும். அப்புறம் எதுக்குக்கா நிக்கணும்?"

"சொன்னதைச் செய்யாம தோத்தா, வீட்டுல தனியா உட்கார்ந்து என் மூஞ்சியை நானே பார்க்கணுமே" என்றார்.

அந்த வரியையும் சேர்த்து மிச்ச நோட்டீஸை அடித்தேன். அது ஜிம்காரரின் வாயை அடைத்துவிட்டது. அவருக்குக் கத்த வேறு விஷயம் கிடைக்கவில்லை. அக்கா முன்னைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். முகம் காட்டாத அத்தனை கதவும் ஓட்டுப் போட்டிருந்தன. முடிவு வந்த அன்று மத்தியானம் தனியாக என் கடைக்கு வந்தார். மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. மிஞ்சிய நோட்டீஸ் எவ்வளவு, அதன் பின்பக்கம் உபயோகப்படுமா என்று கேட்டார்.

பதவியேற்ற மாதமே வார்டு ஆபீஸைக் காலி செய்தார். போனை ஒரு காகித உறையில் போட்டு நகர மன்றத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். கிடப்பில் கிடந்த அவர் அறிக்கையை நகர மன்றமும் ஏற்றுக்கொண்டது. பொது நம்பர் வந்துவிட்டது என்று புது ஸ்டிக்கரை நானே அடித்தேன். பழைய நம்பரின் மேலேயே ஒட்டினார்கள். முதல் செவ்வாய்க்கிழமை அக்கா என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து நாள் பூராவும் பழைய பேப்பர் படித்தார். என்ன வேலையாக வந்தார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமையும் வந்தார். பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். காலைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் கைபேசியை எடுத்தார். "இந்தப் பொது நம்பர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கணும் தம்பி. என் பொறுப்பாச்சே" என்று எனக்குக் காரணம் சொன்னார்.

மெஷின் குரல் பேசியது. வார்டு எண்ணை அழுத்தச் சொன்னது. தண்ணீருக்கு ஒன்று, விளக்குக்கு இரண்டு, மற்றவைக்கு ஒன்பது. அக்கா ஒன்பதை அழுத்தினார். உங்கள் புகாரைச் சொல்லவும் என்றது.

"வணக்கம்ங்க" என்றார் அக்கா, மெஷினிடம். "பஸ் ஸ்டாப்ல உட்கார இடம் இல்ல. முன்னாடி பெஞ்சு இருந்தது. எடுத்துட்டாங்க. எடுத்தவங்களுக்கு அப்போ கால் நல்லா இருந்தது. நின்னுக்கிட்டே இருந்தா பக்கத்துல வர்றவங்களும் பேசறது இல்லங்க, பஸ் வருதான்னே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. உட்கார்ந்தா நாலு வார்த்தை பேசுவாங்க. அதுக்காகத்தான்..." டொக்கென்று இணைப்பு அறுந்தது. நேரம் முடிந்துவிட்டது போலும். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

நான் அச்சு மெஷினை நிறுத்திவிட்டேன்.

அப்போது அதே கைபேசி ஒரு தரம் ஒலித்தது. அக்கா திடுக்கிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். நகர மன்றத்தில் இருந்து குறுஞ்செய்தி. உங்கள் வார்டில் இருந்து ஒரு புகார், ஏழு நாளுக்குள் நடவடிக்கை எடுக்கவும். அவர் அனுப்பிய புகார் அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் மேஜையில் கிடந்த துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து, தேதி போட்டு, "பஸ் ஸ்டாப், பெஞ்சு" என்று ஒழுங்காக எழுத ஆரம்பித்தார்.

"யார் குடுத்த புகார்க்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாரோ ஒரு அம்மா" என்றார் தலை நிமிராமல். "தனியா இருக்காங்க போல."

நான் அச்சகக்காரனாகவே பேசினேன். "ஒருத்தர் உட்கார்ற மாதிரி சின்னதாப் போட்டா போதும்க்கா. யாரும் படுக்கவும் முடியாது. செலவும் கம்மி."

அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே, தெருவில் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"இல்ல தம்பி. ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி போடணும்" என்றார். "செலவு ஆகட்டும்."