தண்ணிக்கு அந்தப் பக்கத்துத் தெரு

அந்த யோசனை எனக்கு வந்த இடம் கொச்சி மட்டாஞ்சேரி. யூதத் தெருவில் ஒரு பழைய மாடி வீட்டு ஜன்னலுக்குக் கீழே, கையில் எலுமிச்சை சோடாவோடு நின்றுகொண்டிருந்தேன். அரை நாள் சுற்றுலா. காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அந்த ஜன்னலைக் காட்டினார். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு குடும்பங்கள் இருந்தன, இஸ்ரேல் என்று ஒரு நாடு வந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள், கீழ்த்தளமெல்லாம் இப்போது கடை, வீடு இருக்கிறது ஆள் இல்லை என்றார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பெருமூச்சு விட்டார். எனக்குப் பெருமூச்சு வரவில்லை. 'இதை நான் தமிழில் செய்யலாமே, திண்டுக்கல்லிலிருந்து ஒரு வேன் ஆட்களைக் கூட்டிவந்து' என்றுதான் வந்தது. சோடா தீர்வதற்குள் எங்கே தங்குவது, எந்தக் கதையை எந்த வாசலில் சொல்வது, எங்கே சிரிக்க வைப்பது என்று எல்லாம் மனதில் ஓடி முடிந்திருந்தது.

நான் பொறியியல் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு நடை, பேகம்பூர்ப் பக்கம் ஒரு நடை என்று ஆட்களைக் கூட்டிப்போய் ஊர்க்கதை சொல்வேன். கழுத்தில் தொங்கும் சின்ன ஸ்பீக்கர், கன்னத்தோரம் ஒரு மைக். என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. இருந்தது என்று இப்போது எழுத வேண்டும்.

கொச்சிப் பயணத்தை வாட்ஸப் குழுவில் போட்டதும் முதலில் கூப்பிட்டது என் அத்தை, அப்பாவின் அக்கா. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் மகள், என் மதினி, இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறார். அந்தப் பெரியம்மா பிறந்தது கொச்சி. சிறுமியாக இருக்கும்போது குடும்பத்தோடு போனவர், திரும்பி வரவே இல்லை. வீட்டில் இன்னும் மலையாளம்தான் பேசுவார். மதினிக்குத் தமிழ், அவருக்கு மலையாளம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பேசிக்கொண்டு இரண்டு பேரும் வண்டி ஓட்டுகிறார்கள். இப்போது பெரியம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. மருந்தால் தள்ளிப்போட முடியுமே தவிர நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் தன் தெருவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், போனில் காட்டினால்கூடப் போதும் என்பது அவர் ஆசை. அதற்காகத்தான் அத்தை வேனில் ஒரு சீட் கேட்டார்.

அன்றைக்கு சாயங்காலமே மதினி எனக்குப் போன் போட்டார். பெரியம்மாவுடைய அப்பாவுக்கு முட்டைக் கடை, வீட்டுக்குப் பச்சைக் கதவு என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

"தெரியும் மதினி, யூதத் தெருதானே? போன மாசம்தான் போயிட்டு வந்தேன்."

"இல்ல பிள்ள, அவங்க மார்க்கெட்டுப் பக்கம்னு சொல்றாங்க…"

"அங்க எல்லாமே மார்க்கெட்டுதான் மதினி."

மதினி சிரித்தார். சின்ன வயதிலும் நான் கதையைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடுவேன், இன்னும் மாறவில்லை என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். போனை வைத்த கையோடு, 'கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணியுடன் நேரடி வீடியோ சந்திப்பு' என்று குழுவில் ஒரு வரி சேர்த்தேன். மறுநாளுக்குள் வேன் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் கிளம்பி, பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக இருட்டுவதற்குள் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தோம். அங்கே லாட்ஜ். மறுநாள் காலையில் காயலுக்கு மேலே பாலம் தாண்டி மட்டாஞ்சேரி, மதியம் திரும்பல். அத்தை மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸும் ஈரத்துணியும் சுற்றிய மல்லிகை. எதற்கு அத்தை இது என்று கேட்டதற்கு, ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ தேடிப் போன அத்தை வேகமாகத் திரும்பி வந்தார்.

"ஏத்தா, பின்னாடியே பெரிய மார்க்கெட்டு இருக்கு. முட்டைக் கடையும் இருக்கு. அந்தம்மா சொன்னது இது இல்லையே?"

நான் ஸ்பீக்கருக்கு சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இது சும்மா மார்க்கெட்டு அத்தை. நாம போறது தண்ணிக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

மட்டாஞ்சேரியில் என் குரல் நன்றாகவே எடுபட்டது. யூதர்களின் ஜெப ஆலயத்துக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, நம் கோயில் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்தார்கள். வெளியே வந்ததும் ஜன்னல், கிராதி, மாடிப்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். வடமதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் வேன் ஏறியதிலிருந்தே கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தார். "ஏம்மா, பூட்டுன வீட்டப் பாக்கவா இம்புட்டுத் தூரம்? பூட்டுதான் நம்ம ஊர்லயே கெடைக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மைக்கில் என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், இந்த ஊர் யூதர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி வாழ்ந்தார்கள், உள்ளுக்குள் வித்தியாசமே கிடையாது என்றேன். அப்படி இல்லை, இரண்டு பிரிவாக இருந்தார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதைச் சொன்னால் கதை நீளும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது வீடியோ சந்திப்பு. தெருவில் பச்சைக் கதவு ஒன்றுக்கு மேல் இருந்தது. வெயில் நன்றாக விழுந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரோடு இணைத்தேன். அத்தை பெட்டியைத் திறந்து பூவைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

திரை முழுக்கப் பெரியம்மாவின் முகம். ஒரு கண்ணைப் போனுக்கு ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தார். நான் ஜெப ஆலயத்து மணிக்கூண்டைக் காட்டி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, கடைசியில் பச்சைக் கதவில் கொண்டுவந்து நிறுத்தி, "உங்க வீடு" என்றேன். கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார்.

பெரியம்மா மெதுவாக ஏதோ கேட்டார். மதினி பதில் சொன்னார். பெரியம்மா மறுபடியும் பேசினார், கொஞ்ச நேரம். பிறகு மதினியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. அது தெரு முழுக்கக் கேட்கிறது என்பது மதினிக்குத் தெரியாது.

"பிள்ள, இது அவங்க தெரு இல்லையாம். அவங்க இருந்தது எர்ணாகுளம் மார்க்கெட்டுக்கிட்டயாம். அங்கயும் ஒரு யூதத் தெரு, தனிக் கோயில். இங்க உள்ளவங்க அவங்க ஆளுகள்ட்ட பொண்ணு குடுக்கவும் மாட்டாங்களாம், எடுக்கவும் மாட்டாங்களாம். சின்ன வயசுல அப்பாகூட முட்டை குடுக்க ஒரே ஒரு தடவ இங்க வந்துருக்காங்க. வாசல்லயே நின்னு குடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."

எங்கள் வேனில் வந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பொண்ணு குடுக்க மாட்டாங்க, வாசலிலேயே நின்னாங்க என்ற இரண்டு வார்த்தையில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பழனியில் உட்கார்ந்து புளிச்சோறு பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள், இப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றோம். வடமதுரை அண்ணன் மட்டும், "அங்கயும் இருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அத்தை பூவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பெரியம்மாவுக்குக் கோபமில்லை. மோளே, மகளே என்றுதான் என்னைக் கூப்பிட்டார். அங்கிருந்து தண்ணி தெரியுமா, அந்தப் பக்கமாகப் போனைத் திருப்பு, எங்கள் கரை தெரிகிறதா பார்க்கிறேன் என்றார். அந்தத் தெருவின் பின்பக்கம் போனால் தண்ணி தெரியும். ஐந்து நிமிட வேலை. நான் மணியைப் பார்த்தேன். சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். வேனில் ஒரு குடும்பத்துக்கு மறுநாள் காதுகுத்து. அதையெல்லாம் விட, அத்தனை பேர் முன்னால் அந்தக் கதவடியில் இன்னும் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது என்று இருந்தது.

"அடுத்த தடவ கண்டிப்பா காட்டுறேன்" என்றேன்.

மதினி அதைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். மதினி மொழிபெயர்க்கக் கொஞ்சம் தாமதித்தார்.

"அடுத்த தடவ நீ பாரு, எனக்குக் காதுல கேட்டாப் போதும்ங்கிறாங்க."

அழைப்பு முடிந்தது. மைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அடுத்து நாம பாக்கப்போறது…" என்று என் வாய் தானாகவே ஆரம்பித்தது.

திரும்பும் வழியில் வேன் எர்ணாகுளத்துக்குள் புகுந்தபோது, அத்தை பின் சீட்டிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். "ஏத்தா, செத்த நேரம் நிப்பாட்டச் சொல்லு. நான் மட்டும் எறங்கி, பூவ அந்தக் கோயில் வாசல்ல வச்சுட்டு ஓடியாந்துர்றேன்." டிரைவர் அண்ணன் இங்கே நிறுத்த இடமில்லை என்றார், ஆனால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ஆக, முடியாத காரியமில்லை. எந்தச் சந்து என்றே தெரியாதே அத்தை, எங்கே போய்த் தேடுவீர்கள் என்றேன். சந்து தெரியாதது நிஜம். ஏன் தெரியவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்காமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாலக்காடு தாண்டியதும் பெட்டியைத் திறந்தார். வாடுவதற்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று வேனில் இருந்த பெண்களுக்கெல்லாம் முழம் முழமாகக் கிள்ளிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். எனக்குக் கொடுக்காமல் விட்டிருந்தால் தேவலை. தலையில் வைக்கக் கை எழவில்லை. மைக் வைக்கிற பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பையைத் திறந்தால் இன்னும் வாசம் அடிக்கிறது.

குழுவில் பாராட்டு குவிந்தது. அருமை, அடுத்து எப்போது, எங்கே என்று கேட்டார்கள். அந்தம்மா பேசியதுதான் மனசிலேயே நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன். வேறென்ன போடுவது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் வழக்கமான நடை. ஒரு முக்கில் எப்போதும் வலது பக்கம் திரும்புவேன். இடது பக்கம் ஒரு தெரு இருக்கிறது. இத்தனை நாளில் ஒருவரையும் நான் அதற்குள் கூட்டிப்போனதில்லை. அதே முக்கில் நின்றுதான், நம்ம ஊரில் எல்லோரும் ஒண்ணாக இருந்தார்கள் என்கிற வசனத்தையும் சொல்வேன். அன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டது. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. தண்ணி வேண்டுமா என்று ஒருவர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு, வலது பக்கம்தான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டேன். பெரியம்மாவுக்கு வலது கண் போய்விட்டதாம். இடது கண்ணில் கஞ்சித்தண்ணிக்குள்ளே பார்க்கிற மாதிரி ஏதோ தெரிகிறதாம். "தெனமும் கேக்குறாங்க பிள்ள, அந்தப் பொண்ணு தண்ணி தாண்டிருச்சான்னு" என்றார் மதினி. அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

முதல் தடவையே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். எந்தப் பக்கமிருந்து உள்ளே போக வேண்டும், முட்டைக் கடையிலிருந்து எத்தனாவது சந்து, எங்கே திரும்ப வேண்டும். பெரியம்மா சொன்னார், மதினி எனக்குச் சொன்னார். நடுவில் பெரியம்மா வழியை விட்டுவிட்டுத் தன் தங்கையைப் பற்றி, மழையில் நனைந்த கோழிக்கூடையைப் பற்றியெல்லாம் பேசினார். நான் ஒரு தடவைகூட இடையில் புகவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் பஸ்ஸில் போகிறோம். வேன் இல்லை, குழுவில் அறிவிப்பும் இல்லை. "பூ நான் கொண்டாரேன். நீ அந்த மைக்க வீட்லயே வச்சுட்டு வா. வழிய அந்தம்மா சொல்லட்டும்" என்று அத்தை சொல்லிவிட்டார். மார்க்கெட்டில் நின்றுகொண்டு போனை உயர்த்திப் பிடிக்க வேண்டும். பெரியம்மா திரும்பு என்கிற இடத்தில் திரும்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் அவரே பார்த்துக்கொள்வார். தெரியாவிட்டால் அங்கே என்ன இருக்கிறதோ அதை நான் சொல்ல வேண்டும். பச்சைக் கதவு இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தால், செல்போன் கடை.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வாய் பழகிப்போன வாய். அதனால் நாலைந்து நாளாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே நடந்து பழகுகிறேன். இடது பக்கம் செருப்புக் கடை. ஷட்டர் பாதி இறக்கியிருக்கு. வாசல்ல ஒரு வாளி. வாளியில தண்ணி. எதிரில் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நேற்று ஒரு சுவரைப் பார்த்ததும் 'பழம்பெருமை வாய்ந்த' என்று ஆரம்பித்துவிட்டேன். நின்று, திரும்ப அதே சுவருக்கு முன்னால் போய், மறுபடியும் சொன்னேன். சுவர். வெள்ளை அடிச்சு நாளாச்சு. கீழ ஒரு சைக்கிள் சாத்தி வச்சிருக்கு.