தவிர்க்க முடியாத சொந்தக் காரணம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்தேன். கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இங்கிலீஷில் எதையும் நேராகக் கேட்டுவிடக் கூடாது. பிளீஸ் போடு, கைண்ட்லி போடு, முடிந்தால் என்று போடு, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் என்று போடு. இடம் மிச்சமிருந்தால் விஷயத்தையும் போட்டுக்கொள்ளலாம். தமிழில் 'குடுங்க' என்றால் அந்த 'ங்க'விலேயே மரியாதை முடிந்துவிடுகிறது. அதைக் கற்றுக்கொடுத்தால் யார் ஃபீஸ் கட்டுவார்கள்?

எனக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் வேலை. மதிய ஷிப்டு. குன்னத்தில் வீடு, நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள், சாயங்காலம் பெரம்பலூரில் டயாலிசிஸ். தனியாகப் பஸ் ஏறிப் போய், துவண்டு திரும்பி வருவாள். காலை ஷிப்டு கிடைத்தால் நான் கூடப் போகலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. படித்த படிப்பை வேறு எங்கே காட்டுவது? மெயில் அனுப்பினேன். அத்தனை பணிவு, படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. 'நோட்டட்' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. பணிவு போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலு பிளீஸ் சேர்த்து அனுப்பினேன். அவசரமில்லை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுதினார். கல்நெஞ்சன் என்று லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரமே பஸ் படியில் இறங்கும்போது அம்மா விழுந்தாள். நெற்றியில் ஐந்து தையல்.

மறுநாள் மேனேஜர் அறைக் கதவைக்கூடத் தட்டவில்லை. பிளீஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அம்மா, டயாலிசிஸ், தனியாகப் போனாள், விழுந்துவிட்டாள், நாளையிலிருந்து காலை ஷிப்டு வேண்டும். உடைந்த இங்கிலீஷ்தான். மனுஷர் பதறிப்போய் அங்கேயே ஷிப்டை மாற்றினார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று வேறு கேட்டார். வந்ததே எனக்குக் கோபம். மெயிலைத் திறந்து பாருங்கள் என்றேன்.

திறந்தார். திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு மெயிலிலும் அம்மா இல்லவே இல்லை. 'தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களால்' என்று மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்து லீவு லெட்டரிலிருந்து எழுதி எழுதிக் கை தானாகவே எழுதியிருக்கிறது. வீட்டுக் கஷ்டத்தைப் பெரிய ஆபீசரிடம் கொட்டுவது மரியாதையில்லை என்று நினைத்தவள் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும், ஷிப்டு மாறிவிட்டது, இனிமேல் நானும் கூட வருவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நெற்றியில் போட்டிருந்த கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ விழுந்திருக்கேன்" என்றாள். "ஒனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் சொல்லல."